நுவரெலியாவில் சிறிய ராமென் கடை: கிண்ணத்தில் போட்ட நூடில்ஸ் ஏன் இவ்வளவு விரைவாக ஊறிப்போகிறது?

கேள்வி (நானுஓயாக்காரன்):

அனைவருக்கும் வணக்கம். நுவரெலியாவிலிருந்து நானுஓயாவுக்கு இறங்கும் வீதியோரம் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையை, எட்டுப் பேர் அமரக்கூடிய ஒரு சிறிய ராமென் (ஜப்பானிய நூடில்ஸ் சூப்) கடையாக மாற்றும் வேலையில் நானும் மனைவியும் இறங்கியிருக்கிறோம். நான் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவன். அங்கே ராமென் பரிமாறினோம் என்றாலும், நூடில்ஸ் குளிரூட்டிய பொதிகளில் வெளிநாட்டிலிருந்து வந்ததால், அதை மாவிலிருந்து செய்யும் முறையைக் கற்றுக்கொள்ள எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. சொந்தக் கடையில் பொதி நூடில்ஸைப் போட எனக்கு மனம் வரவில்லை.

சூப் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அயலிலும் பன்றி இறைச்சியும் மாட்டிறைச்சியும் உண்ணாதவர்கள் பலர் இருப்பதால், கோழி எலும்பும் கோழிக்காலும் மட்டுமே போட்டுக் காய்ச்சுகிறேன். இரவு வெளியே வைத்தால் காலையில் கத்தியால் வெட்டக்கூடிய அளவுக்கு உறைந்து நிற்கிறது.

என்னைத் தோற்கடிப்பது நூடில்ஸ்தான். 1 கிலோ கோதுமை மாவுக்கு 280 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 15 கிராம் அப்பச்சோடா என்ற அளவில் பிசைந்து, கையால் சுற்றும் இயந்திரத்தில் தேய்த்து, ஒன்றரை மில்லிமீற்றர் அகலத்தில் வெட்டுகிறேன். ஒன்றரை நிமிடம் அவித்து எடுத்தால் முதல் இரண்டு வாய் நன்றாக இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஒரு கிண்ணம் வைத்தேன். அவர் எதையும் ஆறுதலாகச் சாப்பிடுபவர். ஐந்தாறு நிமிடத்தில் கிண்ணத்தில் சூப் பாதியாகக் குறைந்து, நூடில்ஸ் இரு மடங்காகப் பருத்து, தூக்கும்போதே அறுந்து விழுந்தது. "சொதியில் ஊறிக் கிடந்த இடியப்பம் போல இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு துளி மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். அதைப் பார்த்தபோது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது.

இறுக்கம் போதவில்லை போலும் என்று எண்ணித் தண்ணீரை 260 கிராமாகக் குறைத்தேன். நிலைமை மேலும் மோசமானது. உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதுதான் காரணமா, மாவின் குறையா, அல்லது கன்சுய் எனப்படும் ஜப்பானியக் காரக் கலவை (உறைப்பு அல்ல, அப்பச்சோடா போன்ற காரம்) இல்லாமல் இது சரிவராதா? தேயிலைக் கவ்வாத்து மிலாறை (வெட்டிய குச்சிகளை) எரித்த சாம்பலின் தெளிந்த நீரைச் சேர்த்துப் பார்க்கும்படி ஒரு நண்பர் சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

பதில் 1 (ஹட்டன் வாசி):

வணக்கம் அண்ணா. நான் ஜப்பானில் ஃபுகுஓகா நகரில் நான்கு ஆண்டுகளும் அதன்பின் சப்போரோவில் இரண்டு ஆண்டுகளும் சிறிய ராமென் கடைகளில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். உங்கள் கேள்வியைப் படித்தவுடன், தண்ணீரைக் குறைத்தேன் என்ற அந்த ஒரு வரியில்தான் என் கண் நின்றது. பிசையும்போது விறைப்பாக இருக்கும் மா, கிண்ணத்திலும் விறைப்பாக நிற்கும் என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறானது. தண்ணீர் குறைவாகச் சேர்த்துச் செய்த நூடில்ஸ் தாகத்தோடு இருக்கிறது. சூப்பில் விழுந்த கணத்திலிருந்து அது குடிக்கத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் 280 கிராமிலிருந்து 260 கிராமுக்கு இறங்கியபோது அந்தத் தாகத்தைத்தான் கூட்டினீர்கள்.

நீங்கள் பயன்படுத்தும் அளவு ஃபுகுஓகாவின் ஹக்காத்தா வகை நூடில்ஸுக்கு உரியது. மாவின் எடையில் 26 முதல் 30 சதவீதம் வரை மட்டுமே தண்ணீர் சேர்த்து, மெல்லியதாக, நேராக வெட்டுவார்கள். அது ஊறிப்போகும் என்பதை அறிந்தே அந்த ஊர் அதற்கேற்ற பழக்கத்தையும் வைத்திருக்கிறது. முதலில் குறைந்த அளவு நூடில்ஸ்தான் கிண்ணத்தில் வரும். அதை மூன்று நான்கு நிமிடத்துக்குள் உறிஞ்சி முடித்துவிட்டு, மிஞ்சிய சூப்பைக் காட்டி 'கஎதமா' என்று கேட்டால் புதிதாக அவித்த இன்னொரு பிடியைப் போடுவார்கள். நாகஹாமா மீன் சந்தைத் தொழிலாளர்கள் நேரமில்லாமல் நின்று சாப்பிட்டுவிட்டு ஓடிய இடத்தில் வளர்ந்த வழக்கம் அது. எங்கள் முதலாளி, வடித்த நூடில்ஸ் பத்துச் செக்கனுக்குள் வாடிக்கையாளர் முன் இருக்கவேண்டும் என்பதில் அத்தனை கண்டிப்பாக இருந்தார்.

சப்போரோவுக்குப் போனபோது எல்லாமே மாறிவிட்டது. அங்கே மாரி காலத்தில் வெளியே பனி குவிந்து கிடக்கும்; உள்ளே வந்தவர்கள் கிண்ணத்தை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு நெடுநேரம் இருப்பார்கள். அதற்கேற்ப நூடில்ஸ் தடிப்பாகவும் மஞ்சளாகவும் சுருளாகவும் இருக்கும். தண்ணீர் கூடுதலாகச் சேர்த்துப் பிசைந்து, வெட்டிய பின்னும் ஓரிரு நாள் குளிரில் வைத்துப் பக்குவப்படுத்துவார்கள். சூப்பின் மேல் உருகிய கொழுப்பு ஒரு படலமாகப் படர்ந்து சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பனிமூட்டமும் குளிருமாக இருக்கும் நுவரெலியாவில், பேசிக்கொண்டே சாப்பிடும் நம் ஆட்களுக்கு எது பொருந்தும் என்று என்னைக் கேட்டால், ஹக்காத்தாவை மறந்துவிட்டுச் சப்போரோவின் பக்கம் வாருங்கள் என்பேன். உங்கள் அப்பா சாப்பிடும் வேகத்தையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

1 கிலோ மாவுக்கு 380 கிராம் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பையும் காரத்தையும் அந்தத் தண்ணீரில் முழுமையாகக் கரைத்துவிடுங்கள். மாவில் நேரடியாகத் தூவினால் மஞ்சள் புள்ளிகள் விழும். மாவை அகன்ற பாத்திரத்தில் பரப்பி, தண்ணீரில் முக்கால்வாசியை நூல் போல ஊற்றியபடி, விரல்களை அகல விரித்து வட்டமாகக் கிளறுங்கள். பிசையவேண்டாம். உள்ளங்கையைப் பயன்படுத்தினால் அங்கங்கே கட்டி பிடித்து, ஓரிடம் ஈரமாகவும் ஓரிடம் உலர்ந்தும் போய்விடும். மிகுதித் தண்ணீரையும் ஊற்றிக் கிளறி முடிக்கும்போது, குழலில் போடப் பதமாகக் குழைத்த புட்டு மா எப்படி இருக்குமோ அப்படி, உதிரி உதிரியாக, ஒவ்வொரு மணியும் ஈரத்தைத் தொட்டதாக இருக்கவேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும். பெருவிரலால் அழுத்தினால் மீண்டும் உதிரவேண்டும். புட்டு அவிக்கத் தெரிந்த வீட்டில் இந்தப் பதத்தை யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சப்போரோ முதலாளி எனக்கு மூன்று மாதம் கற்பித்ததை, ஊருக்கு வந்தபின் என் அம்மா முதல் நாளே சரியாகச் செய்துவிட்டார்.

அதைப் பொலித்தீன் உறையில் கட்டி அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். இந்த இடைவேளையைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். உதிரிகளுக்குள் தண்ணீர் ஊறிச் சமமாகப் பரவ அந்த நேரம் வேண்டும். பிறகு உறையோடு சேர்த்து மிதித்தோ உருட்டுக்கட்டையால் அழுத்தியோ தட்டையாக்கி, இயந்திரத்தின் அகன்ற இடைவெளியில் கொடுங்கள். முதல் முறை வெளிவருவது ஓரமெல்லாம் கிழிந்து, பார்க்கவே மனம் தளரும்படி இருக்கும். அதைக் கண்டு மீண்டும் தண்ணீர் தெளித்துவிடாதீர்கள். இரண்டாக மடித்து மீண்டும் கொடுங்கள், மூன்றாம் நான்காம் முறையில் அது துணி போலாகிவிடும். எப்போதும் ஒரே திசையில் கொடுக்கவேண்டும். மீண்டும் ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டு, இரண்டு மில்லிமீற்றர் தடிப்புக்கு மெலிதாக்கி வெட்டுங்கள். ஜப்பானில் வெட்டும் உருளைகளுக்கு இலக்கம் உண்டு. 30 மில்லிமீற்றர் அகலத்திலிருந்து எத்தனை இழை வரும் என்பதே அந்த இலக்கம். 20ஆம் இலக்கம் என்றால் இழை ஒன்றரை மில்லிமீற்றர். நீங்கள் வெட்டுவது அதுவே, அது போதுமானது. வெட்டியபின் சோள மா தூவி, ஒரு பங்கைக் கையில் எடுத்து மெதுவாகக் கசக்கி உதறினால் சுருள் விழும். அந்தச் சுருளில்தான் சூப் பற்றிக்கொண்டு வரும். மூடி, ஓர் இரவு குளிரூட்டியில் வைத்துவிட்டு மறுநாள் அவியுங்கள்.

பதில் 2 (பண்டாரவளை ஆசிரியை):

நான் பாடசாலையில் இரசாயனவியல் கற்பிக்கிறேன். நூடில்ஸ் கடை அனுபவம் எனக்கில்லை. ஆனால் அப்பச்சோடாவைப் பற்றியும் உயரத்தைப் பற்றியும் சொல்ல முடியும்.

கன்சுய் என்பது பெரும்பாலும் சோடியம் காபனேற்றும் பொற்றாசியம் காபனேற்றும் சேர்ந்த கலவை. அப்பச்சோடா சோடியம் இருகாபனேற்று. அதன் காரத்தன்மை மிகக் குறைவு. அதோடு, கொதிநீரில் போட்டவுடன் அது காபனீரொட்சைட்டு வாயுவை விடுவதால், நூடில்ஸின் உள்ளே நுண்ணிய துளைகள் உண்டாகும். துளையுள்ள நூடில்ஸ் கடற்பஞ்சு போல் சூப்பை இழுக்கும். ஆகவே ஹட்டன் தம்பி சொன்ன காரணத்தோடு இதுவும் சேர்ந்தே உங்கள் கிண்ணத்தைக் கெடுத்திருக்கிறது.

இதற்கு வெளிநாட்டுப் பொருளைத் தேடி அலையத் தேவையில்லை. அப்பச்சோடாவை எவர்சில்வர் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 120 பாகை செல்சியசுக்கு மேலுள்ள போறணையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வையுங்கள். நீராவியும் காபனீரொட்சைட்டும் வெளியேறி, மிஞ்சுவது சோடியம் காபனேற்றாகும். மாற்றம் முடிந்ததா என்பதைத் தராசே சொல்லிவிடும்: 100 கிராம் போட்டால் 63 கிராம் வரை குறையவேண்டும், 75 கிராமில் நின்றால் இன்னும் வைக்கவேண்டும். 1 கிலோ மாவுக்கு அதில் 10 கிராம் போதும். கூடினால் சவர்க்கார வாடை வரும். அலுமினியத் தட்டையோ பாத்திரத்தையோ பயன்படுத்தாதீர்கள், காரம் அலுமினியத்தை அரிக்கும். வெறுங்கையால் தொடுவதையும், தூள் கண்ணில் படுவதையும் தவிர்த்து, காற்றுப் புகாத போத்தலில் பெயர் ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மா மஞ்சளாக மாறுவதைக் கண்டு வண்ணம் கலந்துவிட்டதோ என்று எண்ணவேண்டாம்; கோதுமையில் இயல்பாகவே உள்ள பிளேவனொயிட்டுகள் காரத்தில் மஞ்சளாகின்றன.

சாம்பல் நீர் யோசனை அடிப்படையில் பிழையானதல்ல. மரச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று உண்டு. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுகளில் முற்காலத்தில் மரச் சாம்பல் நீரைக் கொண்டே நூடில்ஸ் பிசைந்தார்கள். ஆனால் மிலாறுச் சாம்பலின் செறிவு அடுப்புக்கு அடுப்பு மாறும். பல ஆண்டுகள் மருந்து தெளிக்கப்பட்ட தேயிலைச் செடியின் சாம்பலில் வேறென்ன சேர்ந்திருக்கும் என்பதும் நம் கையில் இல்லை. விலை கொடுத்துச் சாப்பிட வருபவருக்கு அதைக் கொடுக்கவேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

உயரத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு 300 மீற்றருக்கும் கொதிநிலை ஏறக்குறைய 1 பாகை குறைகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையில் கொதிக்கும். கோதுமையின் மாப்பொருள் வேகுவதற்கு அது தாராளமாகப் போதும். நேரம் மட்டும் சற்றுக் கூடும். கடிகாரத்தை நம்பாமல், ஓர் இழையை எடுத்து நகத்தால் வெட்டிப் பார்த்து, நடுவில் வெள்ளைப் புள்ளி மறையும் தறுவாயில் இறக்குங்கள். உண்மையான ஆபத்து, சிறிய பாத்திரத்தில் மூன்று நான்கு பங்கை ஒன்றாகப் போடுவதில் இருக்கிறது. கொதி அடங்கிவிட்டால் நூடில்ஸ் வேகாமல் கரையத் தொடங்கும். நூடில்ஸின் எடையைப் போல் பத்து மடங்கு தண்ணீராவது இருக்கட்டும். அது கலங்கி வழுவழுப்பானதும் மாற்றிவிடுங்கள்.

பதில் 3 (தலவாக்கலை பேக்கரி):

மா பற்றி ஒரு சிறு குறிப்பு. நான் இருபது ஆண்டுகளாகப் பாண் போறணையில் நிற்கிறேன். பையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், புதிய மா வரும்போதெல்லாம் 100 கிராமை 60 கிராம் தண்ணீரில் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய நீரோட்டத்தில் கழுவுங்கள். வெள்ளை நீர் நின்று தெளிந்த நீர் வரும்போது கையில் இறப்பர் போன்ற ஒன்று மிஞ்சும், அதுதான் மாவின் புரதம். அதைப் பிழிந்து நிறுத்துப் பாருங்கள். ஈரத்தோடு அது 30 கிராம் அளவில் இருந்தால் நீங்கள் செய்யப்போவதற்கு ஏற்ற மா. 22, 23 கிராம்தான் என்றால் அது பிஸ்கட்டுக்கு நல்லது, உங்கள் கிண்ணத்தில் நிற்காது.

இன்னொன்று: விடியற்காலையில் உங்கள் பக்கத்துக் குழாய்த் தண்ணீர் பனிக்கட்டி போல் இருக்கும். அதை அப்படியே ஊற்றினால் மா தண்ணீரை இழுக்கச் சுணங்கும். கலவை 25 பாகை அளவில் இருக்கும்படி வெதுவெதுப்பான நீரை எடுத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் மாவே ஈரத்தைப் பிடித்திருக்கும். அன்றைக்குத் தண்ணீரைப் பத்து கிராம் குறைக்கவேண்டும், அது கைக்குத் தெரியும்.

கேள்வி கேட்டவர் (நானுஓயாக்காரன்), இரண்டு கிழமைகளின் பின்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

முதலில் மாவைக் கழுவினேன். வழக்கமாக வாங்கும் கடையின் மா 24 கிராமும், சந்தைக்கு அருகிலுள்ள மொத்தக் கடையின் மா 31 கிராமும் தந்தன. இரண்டுக்கும் விலையில் பெரிய வேறுபாடு இல்லை; ஐந்து மாதமாக இதை அறியாமல் இருந்திருக்கிறேன். அப்பச்சோடா முதல் நாள் 70 கிராமில் நின்றது; தட்டில் தடிப்பாகப் பரப்பியிருந்ததே காரணம். இரண்டாம் முறை 63க்கு வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றியதும் மா எலுமிச்சை நிறமாக மாறியதைப் பார்த்து என் மனைவி குரல் எழுப்பிவிட்டார். புட்டுப் பதம் பிடித்தவரும் அவர்தான். நான் பிசைந்து பிசைந்து பழகியவன் என்பதால் என் கை உதிரியாக விட மறுக்கிறது. இனி அந்த வேலை அவருடையது என்று முடிவாகிவிட்டது.

ஓர் இரவு வைத்து அவித்ததை, நேரம் குறித்து ஒவ்வொரு நிமிடமும் ஓர் இழையைத் தூக்கிப் பார்த்தேன். எட்டாவது நிமிடத்திலும் அறுபடவில்லை. சூப்பும் விளிம்புக்குக் கீழே ஒரு விரலளவுதான் இறங்கியிருந்தது. அப்பா இரண்டாவது கிண்ணம் கேட்டார். கோழிக் கொழுப்பில் லீக்ஸை வதக்கி வடித்த எண்ணெயை மேலே ஒரு கரண்டி விட்டதில், கடைசி வரை ஆவி பறந்தது.

ஒரு விடயத்தைப் பகிர்ந்துகொள்கிறேன். ஜப்பானியர் சூப்பில் சேர்க்கும் கட்சுஓபுஷிக்குப் பதிலாக மாசிக் கருவாட்டைப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் சூரை மீனை அவித்துப் புகையிட்டு உலர்த்திச் செய்பவைதானே. உரலில் இடித்துக் கொதியில் போட்டபோது கசப்பு இறங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு, சூடு சற்று அடங்கியதும் போட்டு ஐந்து நிமிடத்தில் வடித்தபோது மணம் மட்டும் வந்தது. சம்பலில் மாசி மணக்கும் வீட்டில் வளர்ந்த எவருக்கும் இந்தச் சூப் அந்நியமாக இராது.

கடைசியாக ஒரு கேள்வி. கையால் சுற்றும் இயந்திரத்தோடு ஒரு நாளைக்கு எத்தனை கிண்ணம் வரை துணியலாம்?

பதில் 4 (ஹட்டன் வாசி):

அண்ணா, மிக்க மகிழ்ச்சி. மாசியை நானும் நாளையே செய்து பார்க்கிறேன்.

1 கிலோ மாவில், தண்ணீரோடு சேர்த்து 1,400 கிராம் கலவை வரும். பங்குக்கு 140 கிராம் வீதம் பத்துக் கிண்ணம். கைச்சுற்று இயந்திரத்தில் ஒரு நேரத்தில் அரைக் கிலோவுக்கு மேல் கொடுத்தால் உருளை வளைந்து, நடுப்பகுதி தடித்தும் ஓரம் மெலிந்தும் வரும். எனவே முதல் மூன்று மாதத்துக்கு நாளொன்றுக்கு 30 கிண்ணம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கே 3 கிலோ மா, ஆறு முறை கலக்கவேண்டும், பிற்பகல் முழுவதும் அதிலேயே போகும். நான் வேலை செய்த இரண்டு இடங்களிலும், சூப்போ நூடில்ஸோ எது முதலில் தீர்ந்தாலும், கடை திறந்திருப்பதைக் காட்ட வாசலில் தொங்கும் துணியைக் கழற்றி உள்ளே எடுத்துவிடுவார்கள். அதன்பின் வந்தவரிடம் வணங்கி மறுநாள் வரச் சொல்வார்கள். உங்களுக்கும் 31ஆவது ஆள் வருவார். அவருக்காக அன்றே பிசைந்து, இடைவேளை கொடுக்காமல் வெட்டிப் போட்டுவிடாதீர்கள்.

கடை திறக்கும் நாளை இங்கே எழுதுங்கள். ஹட்டனிலிருந்து காலை ரயிலில் நானுஓயாவில் வந்து இறங்குகிறேன், அம்மாவும் வருவார்.